பொய் ஈயும் காவல் மீனும்

ஈரப் புடவையை உதறும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. எங்கள் அப்பத்தா கண்மாய்ப் படித்துறையில் துவைத்த புடவையைக் கொடியில் போடுவதற்கு முன் ஒரு உதறு உதறுவார். கை வேகமாக முன்னே போய்ச் சட்டென்று நிற்கும். துணி மட்டும் மேற்கொண்டு ஓடி நுனியில் 'பட்' என்று வெடிக்கும். கை நிற்காவிட்டால் அந்தச் சத்தம் வராது, துணி சுருண்டு காலடியில் விழும். இந்த மார்ச் மாதம் டெக்ஸாஸில் ஒரு புல்வெளியில் நின்று, ஒன்பது அடிக் கோலைத் தலைக்கு மேல் வீசிப் பழகியபோதுதான் அப்பத்தாவின் கை செய்த வேலை எனக்குப் புரிந்தது.

"நிறுத்துங்கள். கோலை நிறுத்தினால்தான் நூல் போகும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார், எங்களுக்கு ஃப்ளை ஃபிஷிங், அதாவது பொய் ஈயை வீசி மீன் பிடிக்கும் வித்தை, சொல்லிக்கொடுத்த பெண்மணி. அறுபது வயதிருக்கும். வெயிலில் காய்ந்த முகம், நிதானமான குரல். அன்று காலை முழுக்க நூல் நுனியில் முள்ளே கிடையாது. ஆரஞ்சு நிறக் கம்பளி நூல் ஒரு துண்டு கட்டியிருந்தார், அவ்வளவுதான். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தும் அங்கே விடவில்லை.

நாங்கள் தங்கியிருந்தது பேண்டெரா என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு கெஸ்ட் ராஞ்ச்சில். சான் அன்டோனியோவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். மாட்டுப் பண்ணை நடத்துபவர்கள் காசு வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்க வைக்கும் வழக்கம் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1880களில் டகோட்டாவில் தொடங்கியது. பேண்டெராவுக்கு அது 1920களில் வந்தது. அதற்கு முன், 1870களில், வடக்கே மாடுகளை ஓட்டிச் சென்ற நெடும்பாதை ஒன்றுக்கு இந்த ஊர்தான் கூடுமிடம். இன்றும் ஊர் தன்னை 'உலகின் கௌபாய் தலைநகர்' என்றுதான் சொல்லிக்கொள்கிறது. காலையில் குதிரைச் சவாரி, மாலையில் நெருப்பு மூட்டி இறைச்சி வாட்டல், இரவில் கிடார். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் மனைவிக்குக் குதிரைகளை விட்டு வர மனமே இல்லை. நான் போனது மீனுக்காக.

மீனுக்கு எதற்குப் பண்ணை என்று தோன்றலாம். டெக்ஸாஸில் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் தனியாருடையது. ஆற்றின் படுகை பெரும்பாலும் பொதுச்சொத்து. கரை அப்படியில்லை. பாலத்தடியிலோ பூங்காவிலோ இறங்கித் தண்ணீருக்குள்ளேயே நடக்கலாம், கரையேறினால் அடுத்தவர் நிலம். ஹூஸ்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். ஆற்றங்கரையில் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பது என்பது எனக்கு இங்கே ரொம்ப அபூர்வமாகத்தான் வாய்த்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையிலேயே வளர்ந்தவனுக்கு அது பெரிய இழப்பு. இந்தப் பண்ணைக்குள் மதீனா ஆறு முக்கால் மைல் தூரம் ஓடுகிறது. ஒரு குளமும் உண்டு. ஸ்பிரிங் பிரேக் விடுமுறை வாரத்தில் எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்கள்தான் இருந்தார்கள்.

வீசுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வித்தையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஊரில் நாம் போடும் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும், நரம்பு லேசாக இருக்கும். கனம் பறக்கிறது, நரம்பு பின்னால் போகிறது. ஃப்ளை ஃபிஷிங்கில் இது தலைகீழ். இரை என்பது முள்ளின் மேல் இறகும் மயிரும் நூலும் சுற்றிக் கட்டிய ஒரு பொய் ஈ. அதற்கு எடையே கிடையாது, கையில் எடுத்து எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் நூலையே கனமாகச் செய்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த நூல். அதன் முனையில் போகப்போக மெலியும் ஒன்பது அடி நரம்பு, அதன் நுனியில் ஈ. கோலைப் பின்னால் வீசி நிறுத்த வேண்டும். நூல் பின்னால் முழுதாக நீளும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட நூல் இழுக்கிற இழுப்பில் கோல் வளையும். அந்த வளைவை வைத்துக்கொண்டு முன்னால் வீசி, மறுபடி நிறுத்த வேண்டும். நூல் ஒரு சுருளாக அவிழ்ந்து போய், கடைசியில் ஈ தண்ணீரில் தானாகவே வந்து உட்கார்ந்ததுபோல் இறங்கும்.

காத்திருப்பதுதான் கஷ்டம். பின்னால் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, மனசு அவசரப்படும். அந்த அரை நொடிக் காத்திருப்பை என் கைக்குப் பழக்க இரண்டு நாள் ஆயிற்று. என் மகளுக்குப் பதினோரு வயது. அவளுக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. குழந்தைகள் பலத்தைக் காட்ட முயல்வதில்லை, அதனால் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்றார் ஆசிரியை.

இது ஏதோ நேற்று வந்த பணக்கார விளையாட்டு என்று நான் நினைத்திருந்தேன். மாசிடோனியாவில் ஒரு ஆற்றில், உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீன்களைப் பிடிக்க, முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றிச் சேவல் இறகைக் கட்டி வீசினார்கள் என்று சுமார் 1800 ஆண்டுகளுக்கு முந்தைய ரோமானியக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அங்கே தண்ணீர்மேல் பறந்த பூச்சியை மனிதர் கை பட்டதும் நிறம் மங்கிப்போகும், அதனால் உண்மையான பூச்சியை இரையாக்க முடியாது, பொய்ப்பூச்சி செய்தார்கள் என்று காரணமும் அதிலேயே இருக்கிறது. அந்தப் புள்ளி மீன் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் ட்ரௌட்டைப் பண்ணைக் குளத்தில்தான் பிடித்தேன். குளம் என்றால் ஓடைக்குக் குறுக்கே மண்ணணை போட்டுத் தேக்கியது, நம்மூர் ஊருணி அளவு. விடிகாலையில் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஆலிவ் நிறத்தில் வால் நீண்ட ஒரு ஈயைக் கட்டித் தந்தார்கள். வீசி, மூழ்கவிட்டு, இடது கையால் நூலைச் சாண் சாணாக இழுக்க வேண்டும். ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் நூல் கனத்தது. "கோலைத் தூக்குங்கள்!" தூக்கினேன். கோல் வளைந்து நடுங்கியது. ஒரு நிமிடம் கழித்து வலைக்குள் ஓர் அடி நீளத்தில் ரெயின்போ ட்ரௌட் ஒன்று. பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடிய அந்த ரோஜா நிறக் கோட்டைப் படங்களில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கையில் பிடித்தால் வேறு. ஈரத்தில் அந்த நிறம் மீனின் மேலே இல்லாமல் உள்ளேயிருந்து வருவதுபோல் இருக்கிறது.

அப்புறம்தான் அந்த மீனின் கதையைக் கேட்டேன். ரெயின்போ ட்ரௌட் பசிபிக் கடலில் விழும் குளிர்ந்த ஆறுகளின் மீன். கலிபோர்னியாவில் 1870களில் செயற்கையாகக் குஞ்சு பொரிக்க வைக்கத் தொடங்கினார்கள். அங்கிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் போய்விட்டது. நம் நீலகிரியில் அவலாஞ்சியில் இருக்கும் ட்ரௌட் பண்ணையும் அந்தப் பயணத்தின் ஒரு நிறுத்தம்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்து விட்டது. மலை உயரத்தால் அங்கே பிழைத்துக்கொண்டது. டெக்ஸாஸ் குளத்தில் பிழைக்க வழியில்லை. ட்ரௌட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே மூச்சு முட்டும். சூடேற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், மீனின் தேவையோ கூடும். நவம்பர், டிசம்பரில் லாரியில் வந்து இறங்கும் இந்த மீன்கள் மே மாதம் முடிவதற்குள் எல்லாம் செத்துவிடும்.

பிறகு எதற்காக விடுகிறார்கள்? பாதி விருந்தினருக்காக. மீதி பாஸ் என்ற உள்ளூர் மீனுக்காக. குளிர்காலத்தில் குளத்து பாஸ் கொழுத்து வளர ட்ரௌட்டைத் தீனியாக விடுவது இந்த ஊர்களில் சாதாரண வழக்கமாம். உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மீன் இங்கே இன்னொரு மீனுக்குத் தீனி. அந்த ரோஜாக் கோட்டைப் பார்த்த கையோடு இதைக் கேட்டபோது மனசுக்கு என்னவோபோல் இருந்தது.

அன்று மாலை அம்மா வீடியோவில் பேசினார். மகள் கோலை வீசிக் காட்டி, பிடித்த மீன்களையெல்லாம் திரும்ப விட்டுவிட்டதைப் பெருமையாகச் சொன்னாள். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னிடம் கேட்டார்: "ஏப்பா, பசிக்குப் பிடிச்சா பாவமில்ல. வெளையாட்டுக்கு வாயில முள்ளைக் குத்திட்டுத் திரும்ப விடுறது என்ன நியாயம்?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுவிட்சர்லாந்தில், திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிக்கக் கூடாது என்று 2009 முதல் சட்டமே இருக்கிறது. அம்மா கேட்டதைத்தான் அங்கே சட்டமும் கேட்கிறது. பிடித்துத் திரும்ப விடுபவர்கள் சொல்லும் பதிலிலும் உண்மை இருக்கிறது. பிடித்ததையெல்லாம் தின்றால் பல ஆறுகளில் மீனே மிஞ்சாது. விடுவதானால் ஒழுங்காக விட வேண்டும். முள்ளின் எதிர்முனையை, அந்தக் குட்டிக் கொக்கியை, குறட்டால் நசுக்கிவிட வேண்டும். கையை நனைக்காமல் மீனைத் தொடக் கூடாது, அதன் உடம்பில் இருக்கும் வழவழப்புதான் நோயிலிருந்து காக்கும் தோல். தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமலே முள்ளைக் கழற்ற வேண்டும். இரண்டாம் நாள் காற்றில் வீச்சுத் தவறி என் புறங்கையிலேயே முள் ஏறிவிட்டது. கொக்கி நசுக்கியிருந்ததால் பின்னால் இழுத்ததும் வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். நசுக்காமல் இருந்திருந்தால் மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். அதை மீனின் வாயில் நினைத்துப் பார்த்தேன்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: "குளத்து ட்ரௌட்டைச் சாப்பிடுவோம்மா, எப்படியும் வெயிலுக்குச் சாகப்போகிறது. பாஸை விட்டுவிடுவோம், அது இந்த ஊர்ப் பிள்ளை." மறுநாள் மூன்று ட்ரௌட்டை வைத்துக்கொண்டோம். செதில் மிக நுண்ணியது, உரசி எடுக்கத் தேவையில்லை. மனைவி எங்கே போனாலும் மிளகாய்த்தூள் டப்பாவோடு போகிறவள். மஞ்சள், மிளகாய், உப்பு, எலுமிச்சை தடவி இரும்புச் சட்டியில் போட்டாள். சதை மிருது, பிசைந்தால் உதிரும். குழம்புக்கு ஆகாது, வறுவலுக்கு அருமை. பண்ணைச் சமையற்காரர் ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டுத் தூள் டப்பாவைப் படம் எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ட்ரௌட் உண்மையாகவே வாழும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்றரை மணி நேரம் கிழக்கே, குவாடலூப் ஆற்றில், கேன்யன் அணைக்குக் கீழே. 1964இல் கட்டி முடித்த மண்ணணை, 224 அடி உயரம். ஏரியின் அடியிலிருந்து தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். மேலே கொளுத்தும் வெயிலிலும் அடித்தண்ணீர் சில்லென்று இருக்கும். அணைக்குக் கீழே சில மைல் தூரத்துக்கு டெக்ஸாஸ் ஆறு தன் இயல்பை மறந்து மலையாறு போல ஓடுகிறது. 1960களிலேயே அங்கே ட்ரௌட்டை விட்டுப் பார்த்தார்கள், கோடையைத் தாண்டிப் பிழைத்தது. இன்று அதைப் பார்த்துக்கொள்ளும் ட்ரௌட் அன்லிமிடெட் என்ற ட்ரௌட் பாதுகாப்பு அமைப்பின் கிளைதான் அந்த அமைப்பின் கிளைகளிலேயே அமெரிக்காவில் மிகப் பெரியது. இயற்கையாக ட்ரௌட்டே இல்லாத ஒரு மாநிலத்தில்!

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதும் ஆசிரியை கோலைக் கொடுக்கவில்லை. அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் புரட்டிக் காட்டினார். வழுவழுப்பான அடிப்பக்கத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டு ஓடின பூச்சிக் குஞ்சுகள், மூன்று மயிரிழை போன்ற வாலோடு. மணல் துகள்களைத் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் ஒட்டிக் குழாய் கட்டி அதற்குள் குடியிருந்தது இன்னொரு புழு. அதன் வீடு என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. மணலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த கொத்து வேலை. ட்ரௌட் தின்பதில் பெரும்பகுதி இவைதான், தண்ணீருக்கடியில். மேஃப்ளை என்ற பூச்சி ஆண்டின் பெரும்பகுதியைக் கல்லடியில் கழித்துவிட்டு, ஒரு நாள் மேலே வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கிறது. சிறகு முளைத்த பிறகு அது சாப்பிடுவதே இல்லை. இணை சேர்ந்து, முட்டையிட்டு, ஓரிரு நாளில் தண்ணீரில் விழுந்து சாகிறது.

எனக்கு ஈசல் ஞாபகம் வந்துவிட்டது. மழை பெய்து ஓய்ந்த அந்தியில் புற்றிலிருந்து கிளம்பிக் கண்மாய்த் தண்ணீரில் கொட்டும் ஈசல். அன்றைக்கு மட்டும் மண்புழுவைக் கெண்டை முகர்ந்துகூடப் பார்க்காது. தண்ணீர் மேலெல்லாம் சுழி சுழியாக வாய் திறக்கும். மாமா தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு ஈசலைப் பொறுக்கி முள்ளில் குத்துவார். எந்தப் பூச்சி விழுகிறதோ அதைப்போல ஈ கட்டு என்று இங்கே பாடம் எடுக்கிறார்கள். எங்கள் மாமாவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அன்று நான் கற்றுக்கொண்டது ஈயை நீரோட்டத்தோடு மிதந்து போக விடுவது. அரிசிமணி அளவு ஈ, அதற்கு மேலே நாலடி தூரத்தில் ஒரு தக்கை. ஆமாம், நம்முடைய அதே தக்கைதான். ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம், பாறைக்குப் பின்னால் மெதுவு, ஓரத்தில் சில இடங்களில் எதிர்ப்பக்கம். தடித்த நூல் வேகமான நீரில் விழுந்தால் அது முன்னால் ஓடி, வில்லாக வளைந்து, ஈயைத் தரதரவென்று இழுக்கும். எந்தப் பூச்சியும் தண்ணீரில் அப்படிப் போகாது. ட்ரௌட் ஒதுங்கிவிடும். அதனால் நூல் விழுந்ததும் கோல் நுனியால் அதைத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் புரட்டிப் போட வேண்டும். அதைச் சரியாகச் செய்தால் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஈ யாருக்கும் கட்டுப்படாத ஒன்றாக மிதந்து போகும். அந்தப் பன்னிரண்டு அடிக்காகத்தான் அத்தனை பாடும். நான்கு மணி நேரம் நின்றேன். இரண்டு ட்ரௌட், ஒன்று பதினாறு அங்குலம். அந்தப் பகுதியில் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது. விட்டதும் அது கல்லோடு கல்லாகக் கரைந்துபோயிற்று.

அதே ஆற்றின் மேல்பகுதியில்தான் 2025 ஜூலை 4 அதிகாலை வெள்ளம் வந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. குழந்தைகள் பலர். சுண்ணாம்புப் பாறை மேல் மெல்லிய மண், மழை இறங்க இடமில்லை, பெய்வதெல்லாம் ஆற்றுக்கே வந்துவிடும். மதீனா ஆறும் 1978 ஆகஸ்டில் ஒரு புயலோடு அப்படி வந்து பேண்டெராவைச் சிதைத்திருக்கிறது. பண்ணையில் ஆற்றுக்குப் போகும் முன் முதலில் காட்டியது மேட்டுக்கு ஏறும் வழியைத்தான். என் மகளை இரண்டு முறை அந்த வழியில் ஏறி இறங்கச் சொன்னார் ஆசிரியை. எனக்கு அது பிடித்திருந்தது.

மதீனா ஆற்றங்கரை முழுக்க சைப்ரஸ் மரங்கள். தண்ணீருக்குள் வேர் இறக்கி, வரிசையாக, நூறு அடிக்கு உயர்ந்து நிற்கின்றன. மார்ச்சில் அப்போதுதான் பச்சைத் துளிர். பின்னால் வீச இடமே கிடையாது. நூலைத் தண்ணீரிலேயே உருட்டி வீச வேண்டும். இங்கே இருப்பதுதான் நான் உண்மையில் பார்க்க வந்த மீன், குவாடலூப் பாஸ். உலகத்தில் மத்திய டெக்ஸாஸின் சில ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1989இல் மாநில மீனாக அறிவித்தார்கள். குளத்து பாஸ் போல நிற்கிற தண்ணீரில் சோம்பிக் கிடக்காது, ஓடுகிற நீரில், பாறை இடுக்கில், ட்ரௌட் நிற்கும் மாதிரியான இடத்தில் நிற்கும். சிறிய மீன். ஒரு அடி இருந்தால் நல்ல மீன். இதுவரை பிடிபட்டதில் பெரியதே நாலு பவுண்டைத் தொடவில்லை.

முதல் மூன்றை இழந்தேன். ட்ரௌட் கடித்தால் கோலைத் தூக்க வேண்டும். பாஸ் கடித்தால் கோலைத் தூக்கக் கூடாது. கோல் நுனி தண்ணீரைப் பார்த்தபடி இருக்க, இடது கையால் நூலை நேராக வெட்டி இழுக்க வேண்டும், அப்போதுதான் அந்தக் கெட்டி வாயில் முள் ஏறும். மூன்று நாளில் கை பழகியதை ஒரே காலையில் மறக்கச் சொன்னால் எப்படி? நாலாவது முறை ஒரு சைப்ரஸ் வேருக்கும் பாறைக்கும் நடுவே ஈ விழுந்து, இரண்டு இழுப்பு இழுத்தேன், அடி விழுந்தது. அடி என்றுதான் சொல்ல வேண்டும். நீரோட்டத்தையும் சேர்த்துக்கொண்டு அது இழுத்த இழுப்புக்கு இரண்டு கிலோ விராலை எதிர்பார்த்தேன். வந்தது பதினோரு அங்குலம். ஆலிவ் பச்சை, பக்கவாட்டில் வைர வடிவக் கறைகள் வரிசையாக, வயிற்றுப் பக்கம் கோடு போட்ட மாதிரி சின்னப் புள்ளிகள். ட்ரௌட்டின் அழகு இதற்குக் கிடையாது. எனக்கு இதைத்தான் ரொம்பப் பிடித்தது. இந்தச் சுண்ணாம்புப் பாறையும் இந்தப் பச்சைத் தண்ணீரும் சேர்ந்து செய்த மீன் இது.

இதற்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1974 முதல் 1980 வரை, தூண்டில்காரர்களுக்கு இன்னும் பெரிய மீன் கிடைக்கட்டும் என்று, மாநில வனவிலங்குத் துறையே வடக்கத்திய ஸ்மால்மவுத் பாஸை இந்த ஆறுகளில் கொண்டுவந்து விட்டது. கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இரண்டும் நெருங்கிய சொந்தம், கூடிக் கலந்துவிட்டன. பல ஆறுகளில் சுத்தமான குவாடலூப் பாஸ் கரைந்துபோகும் நிலை வந்தது. குளத்தில் ட்ரௌட்டை விட்டால் ஒரு கோடையில் தீர்ந்துவிடும். இது அப்படித் தீரக்கூடியதா? 1992இல் அதே துறை குவாடலூப்பின் கிளையான ஜான்சன் ஓடையில் சுத்த இனக் குஞ்சுகளை விடத் தொடங்கியது. வருடக்கணக்கில், லட்சக்கணக்கில் விட்டு, கலப்பின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2011 வறட்சியில் பிளாங்கோ ஆறு வற்றிக் குட்டை குட்டையாகச் சுருங்கியபோது, அந்தக் கேட்டையே வாய்ப்பாக்கி, மிஞ்சியிருந்த வெளி மீன்களை அகற்றிவிட்டு உள்ளூர் மீனை மறுபடி விட்டார்கள். செய்த தவறை ஒத்துக்கொண்டு முப்பது வருடத்துக்கு மேல் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிற ஒரு அரசுத் துறையை நான் மதிக்கிறேன். நம் ஏரிகளில் ஜிலேபிக் கெண்டையை விட்டோம். அயிரையும் குறவையும் எங்கே என்று கேட்டு யாராவது இத்தனை வருடம் மெனக்கெட்டால் நன்றாக இருக்கும்.

நான் பிடித்தது சுத்த இனமா கலப்பா என்று கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, மரபணுச் சோதனை வேண்டும். ஈரக் கையில் ஒரு நிமிடம் நீருக்குள்ளேயே வைத்திருந்து விட்டேன்.

கடைசிக் காலை மகளும் நானும் மட்டும் குளத்துக்குப் போனோம். நாலு நாளில் அவள் நீலச் செவுள் மீன்களை, நம் பனையேறிக் கெண்டை அளவில் தட்டையானவை, எண்ணிக்கை விட்டுப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தாள். அன்று கரையோரம் இரண்டடி ஆழத்தில் வட்டமாக, சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக, சுத்தமாகப் பெருக்கிய ஒரு இடம் தெரிந்தது. சுற்றிலும் பாசி, அங்கே மட்டும் வெள்ளைச் சரளை. அதன் மேல் அசையாமல் ஒரு லார்ஜ்மவுத் பாஸ். பெரியது, மூன்று நாலு பவுண்டு.

"அப்பா, போடட்டுமா?" கோல் ஏற்கெனவே பின்னால் போயிருந்தது.

எனக்கு எங்கள் கண்மாய் தெரிந்தது. விரால் குஞ்சு பொரித்தால் நூற்றுக்கணக்கான செங்குஞ்சுகள் ஒரே திரளாக நீர்மேல் புரளும். குங்குமம் கரைத்த மாதிரி ஒரு வட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்த வட்டத்துக்குள் தவளையைக் கட்டிப் போட்டால் விரால் நிச்சயம் கடிக்கும், பசியால் இல்லை, குஞ்சைக் காக்க. அப்படிப் பிடிப்பவர்கள் ஊரில் இருந்தார்கள். ஒரு தடவை நானும் தூண்டிலை ஓங்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, அது வேணாம். பிள்ளைக்காரன்" என்றார்.

இங்கே காவல் ஆண் மட்டும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண் அங்கேயே நின்று வாலால் விசிறி மண் படியாமல் பார்த்துக்கொள்ளும், குஞ்சு பொரித்த பிறகும் கூட இருக்கும். அது ஐந்து நிமிடம் இல்லாவிட்டால் இந்த நீலச் செவுள் மீன்களே முட்டையைத் தின்று தீர்த்துவிடும். இதை மகளிடம் சொன்னேன். மாமா சொன்ன வார்த்தையையும் சொன்னேன். 'பிள்ளைக்காரன்' என்பதை அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

அவள் நூலைச் சுற்றி எடுத்து, ஈயைக் கோலின் கைப்பிடிக்கு மேலிருக்கும் வளையத்தில் மாட்டினாள். இரண்டு பேரும் நிழல் தண்ணீரில் விழாதபடி கரையில் குந்தி உட்கார்ந்தோம். ஒரு நீலச் செவுள் மீன் பாசிக்குள்ளிருந்து மெதுவாக வட்டத்தை நோக்கி வந்தது. பாஸ் திரும்பியதைக் கண் பார்க்கவில்லை, சேறு கலங்கியதைத்தான் பார்த்தது. கலங்கல் தெளிந்தபோது அது மறுபடி சரளைக்கு மேல், முன்பு நின்ற அதே இடத்தில், வாலை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றிருந்தது.